கேமரா கொஞ்ச நேரம் சும்மா நிற்கக் கூடாதா?

கடைசிவரிசை:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு புதுப் படம் பார்த்தேன். பெயர் வேண்டாம், இது அந்த ஒரு படத்தின் குற்றம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தா. பெஞ்சில் அப்பாவும் மகளும். மகள் கையில் ஸ்கேன் ரிப்போர்ட் உறை. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் கேமரா ஊர்வது மாதிரி மெதுவாக அவள் முகத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கெட்ட செய்தி. உடைந்து அழப்போகிறாள். வயலின் வரும். எல்லாம் அதே வரிசையில் வந்தது. அந்தப் பெண் அருமையாக நடித்திருந்தாள். உறையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். கேமரா முகத்துக்குப் போனதில் அந்தக் கை சட்டகத்தை விட்டு வெளியே போய்விட்டது. அழுகை கிடைத்தது, கை போய்விட்டது.

அடுத்த சீனில் ஒரு இன்ஸ்பெக்டர் டீ குடித்தபடி ஃபைலைப் புரட்டுகிறார். அதற்கும் அதே ஊர்தல். ஒரு வக்கீல் காரை விட்டு இறங்குகிறார். அதற்கும். அன்று வீட்டுக்கு வந்து, ஓடிடியில் இருக்கும் நாலைந்து புதுப் படங்களின் முதல் அரை மணி நேரத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். தமிழ், மலையாளம், ஆங்கிலம், கொரியன் எல்லாம் கலந்து. ஆணி அடித்த மாதிரி நிற்கிற ஷாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

ட்ரோன், ஹீரோவைச் சுற்றிச் சுழல்வது, முதுகுக்குப் பின்னாலேயே போவது, கையில் பிடித்து ஆட்டுவது எல்லாம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். என்னைக் கேட்டால், அதையெல்லாம் விட அதிகம் தேய்ந்துபோனது இந்த மெல்லிய முன்நகர்வுதான். ட்ரோன் பறந்தால் பறப்பது தெரியும். இது கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு வசனத்துக்கும் அடிக்கோடு போட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கம் முழுக்க அடிக்கோடு போட்டால் எந்த வரியைப் படிப்பது?

உங்களுக்கு எந்த நகர்வு அலுத்துவிட்டது? எது இன்னும் வேலை செய்கிறது? காரணத்தோடு எழுதுங்கள்.

தண்டவாளம்:

அண்ணே, இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 19 வருஷமாக கிரிப் வேலை. ட்ராக் போட்டு ட்ராலி தள்ளுகிறவன்.

நீங்கள் சொல்லும் அந்த முன்நகர்வுக்கு நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்ன ஆகும் தெரியுமா? வயல் வரப்பில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், அவரை நோக்கிப் பத்தடி போக வேண்டும். முதலில் தரையைப் பார்ப்போம். பலகையும் மரக்கட்டையும் அடுக்கி மட்டம் பண்ணுவோம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சரிவு இருக்கிற பக்கம் ஆப்பு செருகுவோம். ஒரு இணைப்பில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் சக்கரம் தாண்டும்போது படம் துள்ளும். சக்கரத்தில் கிறீச் சத்தம் வந்தால் அதையும் சரி பண்ண வேண்டும். அப்புறம் ட்ராலியில் கேமரா, கேமராமேன், ஃபோகஸ் பிடிக்கிற அசிஸ்டென்ட் எல்லோரும் ஏறிவிடுவார்கள். அந்தப் பாரத்தை நடிகர் எந்த வார்த்தையைச் சொல்லும்போது எடுக்க வேண்டும், எந்த வார்த்தையில் நிறுத்த வேண்டும் என்று ஒத்திகை. தரையில் சாக்பீஸ் கோடு. ஃபிலிம் காலத்தில் 400 அடி ரோல் நாலரை நிமிஷம்கூட ஓடாது, அதில் ஒரு டேக் வீணானால் தயாரிப்பு மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியாது.

இவ்வளவும் ஒரு மணி நேரம் தின்னும். அதனால் டைரக்டர் காலையிலேயே யோசித்துவிட்டு வருவார். "இந்த சீனுக்கு ட்ராக் வேண்டாம், கட்டையில் போட்டு நிறுத்து", அதாவது நகர்த்தாமல் ஸ்டாண்டில் நிறுத்து என்று பத்தில் ஏழு தடவை சொல்வார்.

இப்போது கிம்பல், கையில் பிடித்து நடந்தாலும் கேமரா ஆடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. மாட்டினால் ரெண்டு நிமிஷம். "சும்மா லேசா உள்ளே போ" என்கிறார்கள். அந்த "சும்மா"தான் நீங்கள் பார்த்தது. நகர்வு மலிவாகிவிட்டது. அது எதற்கு என்று கேட்கிற நேரமும் அதோடு போய்விட்டது.

ஒரேமூச்சு:

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேமரா நகர்வது ஒன்றும் கிம்பலோடு வந்த பழக்கம் இல்லை. 1914-லேயே இத்தாலியின் 'கபிரியா'வில் பாஸ்ட்ரோனே கேமராவை வண்டியில் ஏற்றி நகர்த்திவிட்டார். 1924-ல் முர்னாவின் 'தி லாஸ்ட் லாஃப்' படத்தில் கார்ல் ஃப்ராய்ண்ட் சைக்கிளில் உட்கார்ந்து கேமராவோடு ஹோட்டல் கூடத்தைக் கடந்தார். குடிகாரன் காட்சிக்குக் கேமராவை உடம்பிலேயே கட்டிக்கொண்டார். ஒவ்வொரு கருவி வந்தபோதும் ஒரு பத்து வருஷம் எல்லோரும் அதையே பிடித்துத் தொங்கியிருக்கிறார்கள். 60களிலும் 70களிலும் ஜூம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் படங்களிலும் யாராவது "என்ன!" என்று திரும்பினால் மூன்று தடவை ஜூம் முகத்தில் மோதும். பிறகு அது தானாகவே அடங்கியது.

அடங்கியதும் என்ன ஆனது? நல்லவர்கள் கையில் மட்டும் மிஞ்சியது. 'பேரி லிண்டன்' (1975) முழுக்க ஜூம்தான். ஒரு முகத்தில் தொடங்கி மெல்லப் பின்வாங்கி, அந்த ஆள் ஒரு பெரிய ஓவியத்துக்குள் சின்னப் புள்ளி என்று காட்டும். அதே கருவி, அதே பட்டன்.

ஆகவே கருவியைத் திட்ட வேண்டாம் என்பது என் கட்சி. அப்புறம், நீளமான ஒரே ஷாட்டையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், அதற்கு நான் தனியாக வாதாடுவேன்.

கடைசிவரிசை:

ஒரேமூச்சு, கருவியைத் திட்டவில்லை. ஜூம் உதாரணம் அருமை. அதிலேயே என் பதிலும் இருக்கிறது.

'வெர்டிகோ' (1958) பார்த்திருப்பீர்கள். மணிக்கூண்டுப் படிக்கட்டில் நாயகன் கீழே பார்க்கிறான், தரை இன்னும் கீழே கீழே போகிற மாதிரி இழுபடுகிறது. கேமரா ஒரு பக்கம் போக, லென்ஸ் எதிர்ப்பக்கம் ஜூம் ஆகும். இர்மின் ராபர்ட்ஸ் என்ற இரண்டாம் யூனிட் கேமராமேன் கண்டுபிடித்த வழி. படிக்கட்டுக்கு ஒரு சின்ன மாதிரி செய்து, அதைப் படுக்க வைத்து எடுத்தார்கள். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிற ஒருவனின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அந்த ஷாட். அதை எடுத்துவிட்டால் கதையே புரியாது.

1975-ல் 'ஜாஸ்'. கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ் தலைவர் சுறாவைப் பார்க்கிற அந்த ஒரு நொடி. அதுவும் சரி. அதற்குப் பிறகு அதே வித்தை எத்தனை விளம்பரத்தில், எத்தனை சீரியலில் வந்துவிட்டது!

ஆனால் 1990-ல் 'குட்ஃபெல்லாஸ்' அதையே எடுத்து வேறு மாதிரி செய்தது. இரண்டு பழைய நண்பர்கள் ஒரு உணவகத்தில் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். முகங்கள் அப்படியே இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே இருக்கிற தெரு மட்டும், கவனித்தால்தான் தெரியும், மெல்ல மெல்ல நெருங்கி வருகிறது. ஒருத்தன் இன்னொருத்தனைக் கொல்லத் தயாராக இருக்கிறான் என்பது அந்தத் தெருவில் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏன் வயிற்றைப் பிசைகிறது என்றே புரியவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் பின்னால் இருந்த கார்கள் பெரிதாகிக்கொண்டே வந்ததைக் கண்டேன்.

தேய்ந்த நகர்வைக்கூட ஒருவர் யோசித்துப் பயன்படுத்தினால் புதிதாகிவிடும். நான் கேட்பது அந்த யோசனையை மட்டும்தான்.

முல்லைக்கொடி:

நான் இதை உடம்பின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்குத் தலைசுற்றலோடு வரும் ஒற்றைத் தலைவலி உண்டு. கையில் பிடித்து ஆட்டி எடுக்கும் படத்தைத் தியேட்டரில் பார்த்தால் இருபது நிமிஷத்தில் குமட்டல் வந்துவிடும். கண் "நகர்கிறாய்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "உட்கார்ந்துதான் இருக்கிறாய்" என்கிறது. மூளை இரண்டில் எதை நம்பும்? பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருகிற அதே தொல்லைதான். 1999-ல் 'தி ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வந்தபோது அமெரிக்காவில் தியேட்டரை விட்டு எழுந்து போனவர்கள் நிறைய. அதனால் நான் எப்போதும் கடைசி வரிசையில், ஓர நாற்காலியில்தான் உட்காருவேன். திரை சிறிதாகத் தெரிந்தால் கொஞ்சம் தாங்கும்.

ஆனால் ஒன்று கவனித்தேன். எல்லா ஆட்டமும் என்னை ஒரே மாதிரி படுத்துவதில்லை. பெல்ஜியத்தின் டார்டென் சகோதரர்கள் எடுத்த 'ரோசெட்டா' (1999) முழுக்கக் கையில் பிடித்த கேமராதான். வேலை தேடி ஓடும் ஒரு பெண்ணின் பிடரிக்குப் பின்னாலேயே அலைகிறது. அதைப் பார்த்து முடித்தேன். ஏனென்றால் கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு இடம் இருந்தது. அந்தப் பெண்ணின் தலை, தோள். உலகம் ஆடினாலும் அவள் சட்டகத்தின் நடுவில் இருக்கிறாள்.

சண்டைக் காட்சிகளில் அது கிடையாது. 'தி பார்ன் சுப்ரமசி' (2004) வந்த பிறகு எல்லோரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். கேமரா ஆடும், அரை நொடிக்கு ஒரு வெட்டு, யார் யாரை அடிக்கிறார் என்று தெரியாது. அந்தப் படத்திலாவது சண்டை பழகிய ஒருவன் அவசரத்தில் கையில் கிடைத்ததை ஆயுதமாக்குகிறான் என்ற தவிப்பு இருந்தது. பிறகு வந்த பலவற்றில், நடிகருக்குச் சண்டை வராததை மறைக்கத்தான் ஆட்டம். அதற்காக நான் மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

தியேட்டர் வாசலில் "இந்தப் படத்தில் கேமரா அதிகம் ஆடும்" என்று ஒரு அறிவிப்பு ஒட்டினால்கூட என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

மேசைவிளக்கு:

எடிட்டிங் அறையிலிருந்து ஒரு விஷயம். கடைசிவரிசை சொன்ன அந்த ஊர்தல்களில் பெரும் பங்கு படப்பிடிப்பில் நடந்ததே இல்லை. என் மேசையில் நடந்தது.

இப்போது 6கே, 8கே என்று படத்தைப் பெரிய அளவில் எடுக்கிறார்கள். வெளியீடு அதைவிடச் சின்ன 4கே அல்லது 2கே. சட்டகத்தில் ஏகப்பட்ட மிச்சம் இருக்கிறது. நிலையாக எடுத்த ஷாட்டை டைம்லைனில் போட்டு, தொடக்கத்தில் நூறு சதவீதம், முடிவில் நூற்றுப் பத்து என்று இரண்டு புள்ளி வைத்தால் போதும். கேமரா உள்ளே போகிற மாதிரி இருக்கும். "சீன் கொஞ்சம் டல்லடிக்குது, லேசா ஒரு மூவ் குடும்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஒரு படத்தில் எண்பதுக்கும் மேல் போட்டேன். அதில் பத்துக்குக்கூட என்னால் இன்று காரணம் சொல்ல முடியாது.

நிஜ ட்ராலிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ட்ராலி உண்மையில் முன்னே போகும்போது முகம் சீக்கிரம் பெரிதாகும், பின்சுவர் மெதுவாகப் பெரிதாகும். மேஜை ஓரத்தில் இருக்கும் டம்ளர் பக்கவாட்டில் விலகிப் போகும். இடத்துக்குள் நாமே நடந்து போகிற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. என் மேசையில் செய்வது அப்படி இல்லை. முகம், சுவர், டம்ளர் எல்லாம் ஒரே அளவில் வீங்கும். ஒரு புகைப்படத்தை மூக்குக்கு அருகில் கொண்டுவருகிற மாதிரி. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தட்டையாக இருக்கிறது என்று தோன்றும்.

இன்னொன்று. எல்லா ஷாட்டும் நகர்ந்துகொண்டே வந்தால் எங்களுக்கு வெட்டுவது மகா கஷ்டம். நகர்வின் நடுவில் வெட்டினால் உறுத்தும். அது முடியும் வரை காத்திருந்தால் நடிகரின் நல்ல நொடி தாண்டிவிடும். நிற்கிற ஷாட்டில் ஒரு கண் இமைப்பில்கூட வெட்டலாம். நிற்கிற ஷாட்டுகள் வந்தால் எனக்கு அன்று நல்ல நாள்.

கடைசிவரிசை:

மேசைவிளக்கு, இதைப் படித்துவிட்டு அந்த ஆஸ்பத்திரி சீனை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். பெஞ்சும் சுவரும் முகத்தோடு சேர்ந்துதான் வீங்கின. அப்படியென்றால் அந்தக் கை நெகட்டிவில், மன்னிக்கவும், மூல ஷாட்டில் இன்னும் இருக்கிறது! யாரோ வெட்டி வெளியே தள்ளியிருக்கிறார்கள். இதை நினைக்க இன்னும் வருத்தமாக இருக்கிறது.

மங்கலமேளம்:

நான் சினிமாக்காரன் இல்லை. டெல்டா பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறேன். ஆனாலும் இந்த இழையில் எனக்கும் இடம் உண்டு என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லும் எல்லாமே எங்களிடமும் வந்துவிட்டது.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஜிம்மி ஜிப், அதாவது கேமராவைத் தூக்கி ஆட்டும் நீளக் கை, போட்டாலே ஊர் கூடிப் பார்க்கும். இப்போது ட்ரோன் இல்லாத கல்யாணம் கிடையாது. மண்டபத்துக்கு மேலே ஒன்று, கோயில் கோபுரத்தைச் சுற்றி ஒன்று, மாப்பிள்ளை கார் வரும்போது ஒன்று. 2021-ல் மினியாபொலிஸ் நகரத்து பௌலிங் கூடம் ஒன்றுக்குள் சின்ன ட்ரோன் புகுந்து புகுந்து வருகிற வீடியோ உலகம் பூராவும் ஓடியது. அதற்கு அடுத்த முகூர்த்த சீசனிலேயே என்னிடம் "பந்திக்குள்ளே அப்படிப் பறக்க விட முடியுமா" என்று கேட்டார்கள். சாப்பாட்டு இலை பறந்துவிடும் என்று சொல்லிப் புரியவைத்தேன்.

எனக்கு உண்மையான சந்தேகம் ஒன்று. மணமக்கள் வீட்டார் நகர்வு இருந்தால்தான் "சினிமா மாதிரி இருக்கு" என்கிறார்கள். நிற்கிற ஷாட் கொடுத்தால் "இது செல்போனிலேயே எடுக்கலாமே" என்கிறார்கள். நல்ல சினிமாக்காரர்கள் ட்ரோனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? உதாரணம் இருந்தால் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

ஒரேமூச்சு:

மங்கலமேளம், உங்கள் கேள்விக்கும் என் பழைய கடனுக்கும் சேர்த்து ஒரே பதில்: 'அடலசென்ஸ்' (2025). நெட்ஃபிளிக்ஸில் வந்த பிரிட்டிஷ் தொடர், நான்கு பகுதி, ஒவ்வொன்றும் ஒரே ஷாட்.

இரண்டாவது பகுதி முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. கடைசியில் கேமராவை அப்படியே ட்ரோனில் மாட்டிவிடுகிறார்கள். அது பள்ளியை விட்டு எழும்பி, ஊர்க் கூரைகளுக்கு மேலே போய், கொலை நடந்த இடத்தில் இறங்குகிறது. அங்கே குற்றம் சாட்டப்பட்ட பையனின் அப்பா பூங்கொத்தோடு வந்து நிற்கிறார். கேமரா மறுபடி மனிதக் கைகளுக்கு மாறி அவர் முகத்துக்கு வருகிறது. ட்ரோன் அங்கே ஊரைக் காட்டப் பறக்கவில்லை. பள்ளிக்கும் அந்த இடத்துக்கும் எவ்வளவு கிட்டம் என்பதை நம்மை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிறது. இறங்கும் இடத்தில் ஒரு முகம் இருக்கிறது. நீங்கள் ட்ரோனை எழுப்புவதற்கு முன் அது எந்த முகத்தில் இறங்கும் என்று யோசித்தால் போதும் என்பேன்.

நீள ஷாட்டுக்கும் இதே தான். 1948-ல் ஹிட்ச்காக் 'ரோப்' எடுத்தபோது கேமராவில் போடும் ஃபிலிமே பத்து நிமிஷம்தான் ஓடும், அதனால் ஒருவரின் கோட்டு முதுகில் போய் முட்டி ரோல் மாற்றினார். 2002-ல் சொக்குரோவ் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் 'ரஷ்யன் ஆர்க்' படத்தை ஒன்றரை மணி நேரம் ஒரே மூச்சில், கேமராமேன் உடம்பில் மாட்டிக்கொண்டு ஆட்டமில்லாமல் எடுக்கும் ஸ்டெடிகேமிலேயே எடுத்து முடித்தார். 2022-ல் பார்த்திபன் 'இரவின் நிழல்' படத்தில் முன்னும் பின்னும் தாவும் ஒரு வாழ்க்கையை ஒரே ஷாட்டில் கொண்டுவந்தார். இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நான் மதிக்கிறேன்.

கடைசிவரிசை:

உழைப்பை நானும் மதிக்கிறேன், தலைவணங்குகிறேன். ஆனால் உழைப்பு தெரிகிற ஷாட்டும் வேலை செய்கிற ஷாட்டும் ஒன்றா?

'1917' (2019) எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு. வெட்டுகளை மறைத்து இரண்டே ஷாட் மாதிரி தெரிய வைத்தார்கள். வெட்டவெளியில் வசனத்தைச் சொல்லிக்கொண்டே நடந்து பார்த்து, அந்த நடை எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு நீளத்துக்குத்தான் பதுங்குகுழி வெட்டினார்கள். வெயில் வந்தால் ஒட்டாது என்று மேகத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பதுங்குகுழிக் காட்சிகளில் எனக்கு மூச்சு முட்டியது, மறுக்க மாட்டேன். திரும்பிப் போக வழி இல்லை என்பதை வெட்டே இல்லாத ஷாட் சொல்கிறது. ஆனால் படத்தின் நடுவில் பல இடங்களில் நான் கதையை விட்டுவிட்டு, "இங்கேதான் வெட்டை மறைத்திருப்பார்கள்" என்று தூணையும் இருட்டையும் தேட ஆரம்பித்துவிட்டேன். அந்தத் தேடல் தொடங்கியபோது அந்தப் பையன் பிழைப்பானா என்ற பதைப்பு என்னிடம் இல்லை.

'அடலசென்ஸ்' மூன்றாவது பகுதிக்கு மட்டும் நான் முழுக்கத் தோற்றேன். பெரும்பாலும் ஒரே அறை, ஒரு மேஜை, பதின்மூன்று வயதுப் பையனும் அவனைப் பேச வைக்க வந்த உளவியலாளரும். கேமரா அவர்களை மெல்லச் சுற்றி வருகிறது. சுற்றிச் சுழல்வது எனக்குப் பிடிக்காது என்று முதலில் எழுதியவன் நான். ஆனால் அங்கே அது சுற்றும்போது, ஒருவர் பேச, கேட்கிறவரின் பாதி முகம்தான் தெரிகிறது. மீதியைக் காட்டு, காட்டு என்று மனம் கேட்கிறது. கேமரா அவசரப்படவில்லை. அவன் எழுந்து கத்தும்போதுகூட அந்தப் பெண்ணின் தோள் லேசாக இறுகுவதுதான் எனக்குப் பட்டது. சாதாரணமாக வெட்டியிருந்தால் பையன் முகத்துக்குப் போயிருப்பார்கள்.

தண்டவாளம்:

சுற்றுவது பற்றிப் பேச்சு வந்துவிட்டது, அது என் வயிற்றெரிச்சல்.

ரவுண்ட் ட்ராலி தள்ளியிருக்கிறீர்களா யாராவது? வட்டமாக ட்ராக் போட்டு, நடுவில் ஹீரோவை நிறுத்தி, நாங்கள் குனிந்து தள்ளிக்கொண்டு ஓடுவோம். பத்து டேக் போனால் நிற்கிற இடம் தெரியாது, முட்டி கழன்றுவிடும். 1976-ல் 'கேரி' படத்தில் பள்ளி நடன விருந்துக் காட்சிக்கு, ஆடுகிற ஜோடியை ஒரு சுழல்மேடையில் ஏற்றி ஒரு பக்கமும் கேமராவை எதிர்ப்பக்கமும் சுற்றினார்கள் என்று பெரியவர் ஒருவர் சொல்லித்தான் பார்த்தேன். யாருமே சீண்டாத ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் முதல் சந்தோஷம், தலை கிறுகிறுக்கிறது. அந்த ஷாட்டுக்கு நான் எத்தனை டேக் வேண்டுமானாலும் தள்ளுவேன்.

நாங்கள் தள்ளுவது வேறு. ஹீரோ கண்ணாடியைக் கழற்றுவார், சுற்று. போனில் "வர்றேன்" என்பார், சுற்று. ஒரு தடவை உதவி இயக்குநர் தம்பியிடம், "இது எதுக்குப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன். "டிரெய்லருக்கு ஆகும்ணே" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, டிரெய்லரில் அதுதான் வந்தது.

ஸ்டெடிகேம் ஒன்றை மட்டும் நான் திட்ட மாட்டேன். காரெட் பிரவுன் 70களின் நடுவில் அதைச் செய்தார், 'தி ஷைனிங்' (1980) படத்திலும் அவரே இயக்கினார். சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிளில் ஹோட்டல் வழியெல்லாம் சுற்றும் காட்சியில் கேமரா அவன் உயரத்துக்குக் கீழே இறங்கி, பின்னாலேயே போகும். சக்கரம் மரத்தரையில் கடகடவென்று ஓடும், கம்பளத்தில் ஏறியதும் சத்தமே இருக்காது. மறுபடி கடகட. மறுபடி அமைதி. ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு வயிறு கலங்கும். இன்றைக்குப் பின்னாலேயே போகிற ஷாட்டுகளில் அந்தத் திருப்பம் எங்கே இருக்கிறது? ஆபீஸில் டைல்ஸ் தரையில் நடந்து லிஃப்ட் வரைக்கும் போகிறார்கள்.

முல்லைக்கொடி:

தண்டவாளம் அண்ணா, பின்னால் போவதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. 'கூழாங்கல்'. 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. குடிகார அப்பாவும் பையனும் பொட்டல் காட்டில் வெயிலில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். கேமராவும் கூடவே நடக்கிறது. அங்கே நடைதான் கதை, அந்தச் சூடு நம் காலிலும் ஏறுகிறது. எனக்குத் தலை சுற்றவில்லை.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு நகர்வைச் சொல்கிறேன். சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964). வீட்டுக்குள் தனியாக அலையும் சாரு ஜன்னல் ஜன்னலாகப் போய், கைப்பிடி வைத்த ஒரு சின்னத் தொலைநோக்கியில் தெருவைப் பார்ப்பாள். பிறகு அவள் கணவன் புத்தகத்தைப் படித்தபடியே வராந்தாவில் அவளைக் கடந்து போவான். பக்கத்தில் நிற்கிறாள், அவன் பார்க்கவில்லை. அவள் அந்தத் தொலைநோக்கியை எடுத்துச் சொந்தக் கணவனைப் பார்ப்பாள். அவன் போன பிறகு கை மெல்லக் கீழே இறங்கும். அந்த நொடியில் ஜூம் சட்டென்று பின்வாங்கி அவளைத் தனியாக விட்டுவிடும். ஒரு வசனம் இல்லை.

ஜப்பானின் ஓசு கடைசியாக எடுத்த வண்ணப் படங்களில் கேமராவை நகர்த்தவே இல்லை. அவற்றைப் பார்க்கும் நாட்களில் எனக்கு மாத்திரை தேவைப்படுவதில்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

மங்கலமேளம்:

எல்லோருக்கும் நன்றி. ட்ரோன் எந்த முகத்தில் இறங்கும் என்ற யோசனையை எழுதி வைத்துக்கொண்டேன்.

தண்டவாளம் அண்ணே, ஒரு வேலை விஷயம். அடுத்த மாசம் ஒரு கல்யாணம், பெண் வீட்டு முற்றத்தில் நலங்கு. பெண்ணின் பாட்டிக்கு எழுந்திருக்க முடியாது, நாற்காலியில் இருந்தபடியே மஞ்சள் பூசுவார்களாம். கிம்பலை வைத்துவிட்டு ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஒரே ஒரு நகர்வு மட்டும், பாட்டி கை பெண்ணின் கன்னத்துக்கு வரும்போது. வாடகைக்குச் சின்ன ட்ராக் கிடைக்கிறது. முற்றம் செங்கல் தரை, நடுவில் தண்ணீர் போக வாட்டம் இருக்கிறது. எப்படி மட்டம் பண்ணுவது?

தண்டவாளம்:

தம்பி, முதல் நாளே போய் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடு. வாட்டம் எந்தப் பக்கம் என்று சாக்பீஸில் குறித்துக்கொள். தாழ்ந்த பக்கத்துக்கு முக்கால் இஞ்ச் பிளைவுட் துண்டுகளும், சின்னதும் பெரியதுமாக ஒரு இருபது ஆப்பும் எடுத்துப் போ. ஆப்பை எப்போதும் ஜோடியாக, எதிரெதிராகச் செருகு, ஒற்றை ஆப்பு வழுக்கும். ட்ராக்கின் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்துக்கு அடியிலும் தாங்கல் இருக்கட்டும். கேமராவை ஏற்றுவதற்கு முன் வெறும் ட்ராலியைத் தள்ளிப் பார். எங்காவது தானாக உருண்டால் அங்கே இன்னும் சரிவு இருக்கிறது.

பாட்டியிடம் முன்கூட்டியே ஒன்றும் சொல்லாதே. நீ நகரத் தொடங்குவது அவர் கை மஞ்சள் கிண்ணத்தை விட்டு எழும்பும்போது. கையோடு போ, கையோடு நில். தள்ளுவதற்கு அவசரப்படாத ஆளாகப் பார்த்து வை. கிடைக்கவில்லை என்றால் தேதியைச் சொல். அந்த வாரம் எனக்கு ஷூட்டிங் இல்லையென்றால் நானே வருகிறேன்.